மல்லாக்கப் படுத்த படகு

வேலம்பாளையம் விஜயராணிக்கு நாற்பத்தெட்டு வயசு. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஒரு தடவை கம்பெனியிலிருந்து கன்னியாகுமரிக்கு டூர் போட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஒரு லாட் சரக்கை மறுபடி செக் பண்ண வேண்டியிருந்தது, அவள் போகவில்லை. போனவர்கள் சங்கும் சோழியுமாகத் திரும்பி வந்து இறங்கியபோது, கடல் எப்படி இருந்தது என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. "நாளைக்கு எட்டரைக்கு எல்லாரும் வந்துருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். அப்பேர்ப்பட்டவள்தான், பாய்மரப் படகுக்கு ராத்திரியில் எந்தப் பக்கம் என்ன நிற விளக்கு எரியவேண்டும் என்று போன மார்கழியில் தீர்ப்புச் சொன்னாள். தீர்ப்புத் தப்பு. அந்தக் கதைதான் இது.

ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டேபிளில் விரித்து முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் செக்கிங். பதினெட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்ததை விஜயராணி பார்க்கிறாள். இருபத்திரண்டு வருசத்தில் அவள் கை பட்டுப் போன லாட் ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. "தாலி கட்டி முடிச்ச கையோட முடிச்சை இழுத்துப் பாத்தவளுங்க இவ" என்று அவள் புருசன் மயில்சாமி வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் மறுக்க மாட்டாள். மூன்றாவது முடிச்சு லூசாகத்தான் இருந்தது.

புதுசாக வருகிற பெண்ணுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று. சட்டையை டேபிளில் போட்டுவிட்டு, "இதுல எடது கை எது?" என்பாள். புதுசு தன் இடது பக்கம் இருக்கிற கையைத் தொடும். "போடறவங்களுக்கு எடது எது? சட்டை உனக்கு எதுக்க படுத்திருக்குது. அதுக்கு எடது, உனக்குச் சோத்துக்கைப் பக்கம். நீ சட்டையைப் பாக்கற, சட்டை உன்னையப் பாக்குது. விளங்குச்சா?" விளங்காவிட்டாலும் விளங்கியது என்று சொல்லிவிடுவது நல்லது. அவள் கத்துகிறவள் இல்லை, திட்டுகிறவளும் இல்லை. ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு மிசினே ஒரு தையல் தப்பாமல் ஓடும் என்று டெய்லர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஐப்பசியில் ஒரு ஆர்டர் வந்தது. டென்மார்க் தேசத்தில் குழந்தைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பள்ளிக்கூடம். அவர்களுக்கு நாலாயிரத்து எண்ணூறு டி-சர்ட். கடலில் படகுகளுக்கு ராத்திரியில் ரோடும் கிடையாது, கோடும் கிடையாது. எதிரில் வருகிறவன் எந்தப் பக்கம் போகிறான் என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் படகின் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. உலகம் பூராவும் இதுதான் சட்டம். அதைக் குழந்தைகளுக்குப் பழக்க, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். டி-சர்ட்டின் ஒரு கையில் சிவப்பு வட்டம், மறு கையில் பச்சை வட்டம், முதுகில் வெள்ளை வட்டம், மூன்றும் இருட்டில் ஒளிர்கிற பிரிண்ட். குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டு இருட்டு ஹாலில் படகாக நடக்கும். சிவப்பு மட்டும் தெரிந்தால் எதிர்ப்படகு உனக்கு இடது பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலது பக்கமாகப் போகிறது. ரெண்டும் தெரிந்தால் நேரே உன்மேல் வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், பயமில்லை. இதையெல்லாம் ஆர்டர் கொடுத்த பையர் ஒரு காகிதத்தில் எழுதி, மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படகுப் படமும் போட்டு அனுப்பியிருந்தான்.

ஆத்தப்பனின் மகன் ரித்தீஷ்தான் பையர்களோடு பேசிக் கடிதம் எழுதுகிறவன். அவன் காகிதத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, விஜயராணி நின்றபடியே கேட்டாள். முழுசும் கேட்டுவிட்டு, "நல்ல ரோசனைதானுங்க தம்பி" என்றாள். அவள் வாயிலிருந்து நல்ல என்ற சொல் வருவதே அபூர்வம்.

ரித்தீஷுக்கு ஒரு ஆசை. "நெஞ்சு வெறிச்சுன்னு இருக்குதுங்கக்கா. அங்கயும் ஒரு வெள்ளை வட்டம் போட்டா எடுப்பா இருக்கும். பையர்கிட்டக் கேக்கட்டுங்களா?"

"காகிதத்துல கடைசியில என்ன போட்டிருக்குதுன்னு சித்தே படிங்க தம்பி."

படித்தான். பாயில் மட்டும் போகிற படகுக்கு முன்னால் வெள்ளை விளக்கு கூடாது. பாய் விரித்திருந்தாலும் சரி, எஞ்சினைப் போட்டுவிட்டால் அது எஞ்சின் படகு. அப்போது முன்பக்கம் உசரத்தில் ஒரு வெள்ளை சேர்த்து எரிய வேண்டும். அதற்கு அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே நெற்றிப்பட்டை வைத்திருக்கிறார்களாம். எஞ்சின் என்று வாத்தியார் சொன்னால் குழந்தை அதைக் கட்டிக்கொள்ளும், பாய் என்றால் கழற்றிவிடும்.

"நீங்க எடுப்புக்குன்னு நெஞ்சுல ஒன்னு போட்டுட்டீங்கன்னா, பாயில போறவன் எஞ்சின்ல போறேன்னு பொய் சொன்ன மாதிரி ஆயிருமல்லங்க" என்றாள் விஜயராணி. ரித்தீஷ் அந்த ஆசையை விட்டுவிட்டான். கடலைப் பார்த்திராத பெண்பிள்ளை கடல் சட்டத்தை ஒரே தரம் கேட்டுப் பிடித்துக்கொண்டது அவனுக்கு ஆச்சரியம். சும்மா சொல்லக்கூடாது, அந்த மட்டும் அவள் கெட்டிக்காரிதான்.

சாம்பிள் தைத்தார்கள். இடது கையில் சிவப்பு, அதாவது போடுகிற குழந்தையின் இடது கையில். பையர் பார்த்தான், சரியென்று சீல் போட்டு அனுப்பினான். சீல் போட்ட சாம்பிள் செக்கிங் ஹாலில் ஆணியில் தொங்கியது. நாலாயிரத்து எண்ணூறு பீஸுக்கும் துணி வெட்டி, கைகளுக்குப் பிரிண்ட் அடித்து, தைக்கிற லைனுக்கு வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

லைனில் தையல் ஆரம்பிக்கிற காலையில் விஜயராணி அந்தப் படகுப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் எடுத்து டேபிளில் ஒட்டினாள். படகின் மூக்கு மேலே, வால் கீழே, சிவப்பு விளக்கு இடது பக்கம், பச்சை வலது பக்கம். பக்கத்தில் சீல் சாம்பிளை விரித்தாள். கழுத்து மேலே, தொங்கல் கீழே. சிவப்புக் கை வலது பக்கம் கிடந்தது. படத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். படத்தில் சிவப்பு இந்தப் பக்கம், சட்டையில் சிவப்பு அந்தப் பக்கம்.

அவளுக்கு ரோமம் சிலிர்த்தது. சாம்பிளே தப்பு! பையர் கவனிக்காமல் சீல் போட்டுவிட்டான்!

போடுகிறவனுக்கு இடது என்கிற அவளுடைய சட்டம் அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அது மனுசனுக்குச் சொன்னது, படகு என்ன சட்டையா போட்டுக்கொள்கிறது, படகுக்குப் படம்தான் சட்டம் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் அங்கே பேச்சுக் கிடையாது.

லைனை நிறுத்தினாள். "கையை மாத்துங்க. போடறவங்களுக்குச் செவப்புக் கை சோத்துக்கைப் பக்கம், பச்சை எடது பக்கம்." இந்த மாதிரி டி-சர்ட்டில் ரெண்டு கையும் ஒரே வெட்டுத்தான். எதை எந்தப் பக்கம் வைத்துத் தைத்தாலும் உட்காரும். அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

ஒருத்தன் மட்டும் மிசினை நிறுத்திவிட்டு எழுந்தான். ஓவர்லாக் டெய்லர் ராபின், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், முப்பத்தெட்டு வயசு. அவன் வீட்டில் அப்பன், சித்தப்பன், அண்ணன் எல்லோரும் கடலில். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. பதினாறு வயசு வரை ஏற்றிப் பார்த்துவிட்டு, இவன் வலைக்கு உதவ மாட்டான், மீனுக்குத்தான் உதவுவான் என்று கைகழுவித் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"யக்கா, படகுக்குச் செவப்பு எடப்பக்கம்லா. மொதல்ல தச்சதுதான் சரி" என்றான்.

விஜயராணி அவனைப் பார்த்தாள். பிறகு டேபிளில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினாள். "எடப்பக்கந்தான் இருக்குது, பாரு தம்பி."

ராபின் படத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்து மிசினைப் போட்டான்.

அவள் கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்: சீல் சாம்பிளில் கை மாறியுள்ளது, மொத்தத் தையலில் திருத்தப்பட்டது. ஆத்தப்பனிடமும் போய்ச் சொன்னாள். அவர் அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, பருத்த உடம்பு, காட்டை விற்றுக் கம்பெனி வைத்தவர். அவருக்கு அன்று பூரிப்புத் தாங்கவில்லை. "பையரே பாக்காத தப்பை நம்ம அம்மிணி பாத்துப்போடுச்சுங்க" என்று போனில் நாலைந்து சினேகிதர்களுக்குச் சொன்னார். ஒரு பட்டுச் சேலை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் கொடுத்தார். பதினெட்டுப் பெண்களும் கை தட்டினார்கள். ராபினும் தட்டினான்.

மார்கழி பாதியில் நாலாயிரத்து எண்ணூறும் தைத்து, தேய்த்து, அட்டைப்பெட்டிக்குப் போகத் தயாராக இருந்தது. கடைசிப் பார்வைக்குப் பையரின் ஆள் ஒருத்தர் மத்தியானம் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலை பத்தரைக்கு விஜயராணி முதுகு வெள்ளை வட்டம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பீஸைத் திருப்பிக் குப்புறப் போட்டாள், அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே. வட்டம் நடுவில்தான் இருந்தது. ஆனால் சிவப்புக் கை இப்போது வலது பக்கம் கிடந்தது. படத்தில் இடது பக்கம்.

அவள் பீஸை மல்லாக்கத் திருப்பினாள். சரியாக இருந்தது. குப்புறப் போட்டாள். தப்பாக இருந்தது. மல்லாக்கப் போட்டால் சரி, குப்புறப் போட்டால் தப்பு. அப்படியென்றால் எது சரி? இந்தச் சட்டைக்குப் படகு எப்படிப் படுத்திருக்கிறது?

அவள் பீஸைக் கையில் பிடித்தபடி லைனுக்குப் போய் ராபின் மிசின் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, ஒன்னு கேக்கறேன். தண்ணியில படகு மல்லாக்கக் கெடக்குமா, குப்புறக் கெடக்குமா?"

ராபின் மிசினிலிருந்து காலை எடுத்தான். "நீந்துத ஆளு கணக்கா குப்புறத்தாம்க்கா கெடக்கும். வயிறு தண்ணில, முதுகு மேல. மல்லாக்கப் படுத்தா முங்கிரும்."

"அப்ப அந்தப் படத்துல நாம பாக்கறது..."

"முதுகைத்தாம்க்கா பாக்கோம்."

அவ்வளவுதான் விசயம். படத்தில் படகு குப்புறப் படுத்திருக்கிறது. அவள் சட்டையை மல்லாக்கப் போட்டு ஒப்பிட்டாள். ஊருக்கெல்லாம் இருபத்திரண்டு வருசமாக எது இடது என்று சொல்லிக்கொடுத்தவள், நாலாயிரத்து எண்ணூறு குழந்தைகளுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டாள்.

"சரி, தையி" என்று ராபினிடம் சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். முகத்தைக் கழுவினாள். கழுவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது: சொல்லாமல் விட்டுவிட்டால்?

மறைப்பானேன், அவள் அதை நன்றாகவே யோசித்தாள். மூன்று மணிக்கு வருகிற ஆள் தையலை இழுத்துப் பார்ப்பார், டேப் வைத்து அளப்பார், பெட்டியை எண்ணுவார். கை மாறியிருக்கிறதே என்று கேட்டால், கோப்பைக் காட்டலாம். விஜயராணி கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றால் அவரும் சரி என்பார், அவருக்கும் அவளைப் பத்து வருசமாகத் தெரியும். ஆத்தப்பனுக்குத் தெரியாது, ரித்தீஷுக்குத் தெரியாது. ராபினுக்குத் தெரியும், அவன் சொல்ல மாட்டான். பெட்டி கப்பலேறிவிடும். அவளுடைய இருபத்திரண்டு வருசமும் அப்படியே இருக்கும். பட்டுச் சேலையும் இருக்கும்.

ஆனால் சட்டையைப் பார்த்துத்தான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளப் போகிறது. அழகுக்குப் போடுகிற சட்டையாக இருந்தால் தொலைகிறது என்று விடலாம். பச்சையைப் பார்த்து, ஓ வலது பக்கம் போகிறான் என்று நம்பி, அது ஒரு நாள் நிஜக் கடலில் நிஜப் படகின் முன்னால் போய் நிற்கும். கடலே பார்க்காத விஜயராணிக்கு அந்தக் கடல் நன்றாகத் தெரிந்தது. கரேலென்று இருந்தது. பாத்ரூமை விட்டு வெளியே வந்து நேராக ஆத்தப்பன் அறைக்குப் போனாள்.

சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மல்லாக்க, குப்புற என்று மேஜைமேல் சட்டையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். அப்போதும் புரியவில்லை. "நல்லாத்தானுங்களே இருக்குது? செவப்பு இருக்குது, பச்சை இருக்குது. அம்மிணி, உங்களுக்கு அலுப்பு. ரெண்டு நாள் லீவு போட்டுக்கங்க" என்றார்.

"அண்ணா, நீங்க சித்தே குடோனுக்கு வாங்க."

குடோனில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. வாத்தியார்களுக்கென்று தைத்த பெரிய சைஸ் பீஸ் ஒன்றை ராபினுக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னாள். ரித்தீஷ் சுவிட்ச் பக்கம் நின்றான். ஆத்தப்பனை ஒரு கோடியில் நிறுத்தினாள்.

"ஏனுங்க அம்மிணி, நான் என்னங்க பண்ணோணும்?"

"நீங்க ஒரு படகுங்கண்ணா. நேரா நடந்து வாங்க. குறுக்க இன்னொரு படகு போகும். பச்சை தெரிஞ்சா அது உங்களுக்குச் சோத்துக்கைப் பக்கம் போகுது, நீங்க பீச்சாங்கைப் பக்கம் ஒதுங்கிக்கங்க. செவப்பு தெரிஞ்சா அது பீச்சாங்கைப் பக்கம் போகுது, நீங்க சோத்துக்கைப் பக்கம் ஒதுங்கிக்கங்க. அவ்வளவுதானுங்க."

"இதென்ன பெரிய வித்தை" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் ஆத்தப்பன்.

ரித்தீஷ் விளக்கை அணைத்தான். இருட்டில் ஒரு பச்சை வட்டம் மிதந்தது. "பச்சை. சோத்துக்கைப் பக்கம் போறானுங்க. நான் இக்கட்ட ஒதுங்கிக்கறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இடது பக்கம் நாலு எட்டு வெசையாக வைத்தார். தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. "யம்மா" என்று ராபின் கத்தினான். துணி ரோல் சரிந்தது. ரித்தீஷ் விளக்கைப் போட்டபோது ராபின் ரோல்களின் மேல் கிடந்தான். ஆத்தப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, நீ அக்கட்டயல்ல போயிருக்கோணும்?"

"நான் இங்கிட்டுத்தான் மொதலாளி வந்தேன். வெளக்குதான் ஒங்களை அங்கிட்டுன்னு நம்ப வச்சிட்டு."

விஜயராணி ராபினைச் சட்டையை முன்பின் மாற்றிப் போடச் சொன்னாள். முன்பக்கம் முதுகுக்குப் போனதும் கைகளும் இடம் மாறின. இப்போது சிவப்பு இடது கையில். வெள்ளை நெஞ்சில் இருந்தது, அதைப் பார்க்க வேண்டாம் என்றாள். மறுபடி விளக்கை அணைத்தார்கள். சிவப்பு வட்டம் தெரிந்தது. ஆத்தப்பன் மூக்கைக் கையால் மூடியபடி, மெள்ள, வலது பக்கம் ஒதுங்கி நடந்தார். யாரும் யார்மேலும் மோதவில்லை. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்றார்.

"புரிஞ்சுதுங்க" என்றார். சற்று யோசித்தார். "அப்ப ஒன்னு பண்ணலாங்களே. எல்லாரையும் இப்படியே முன்ன பின்ன மாத்திப் போட்டுக்கச் சொல்லி ஒரு காகிதம் வச்சு அனுப்பிரலாங்களே."

"கழுத்து நெரிக்குங்கண்ணா."

ராபின் கழுத்தைத் தடவியபடி ஆமாம் என்று தலையாட்டினான்.

"நெஞ்சுல வெள்ளை வந்துரும்ங்கப்பா, அப்புறம் அது எஞ்சின் படகாயிரும்" என்றான் ரித்தீஷ். அவனும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தான்.

ஆத்தப்பன் ஒரு ரோல்மேல் உட்கார்ந்தார். மூக்கு வீங்கத் தொடங்கியிருந்தது. "அந்த ஆளு மூனு மணிக்கு வர்றாரு. பிரிச்சுத் தைக்கறதுன்னா எட்டு நாள் ஆகும். இந்த ஊர்ல இது யாருக்குத் தெரியும்ங்க அம்மிணி?"

"எனக்குத் தெரியும்ங்கண்ணா. நான்தான் பண்ணுனேன். கோப்புல நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கறேன். உங்ககிட்டச் சேலை வாங்கிக்கிட்டு நின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அனுப்பாதீங்கண்ணா. ஒரு கொழந்தை எங்கியாச்சும் போயி மோதிரும்ங்க. நீங்க மோதுனது ராபின்மேல. அது கடல்ல மோதிக்கும்ங்க."

ஆத்தப்பன் அவளைப் பார்த்தார். அவளுக்கு அவரிடம் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிக் கண்ணில் தண்ணீரோடு நின்று பழக்கமில்லை. "பிரிச்சுருங்க" என்றார். மகனைப் பார்த்து, "பையருக்கு உள்ளதை உள்ளபடியே எழுதிப் போடு. மூனு மணி ஆளையும் வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

ரித்தீஷ் எழுதினான். மறுநாள் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, நிதானமாகச் செய்து அனுப்புங்கள், இங்கே குளிர், ஏப்ரல் வரைக்கும் படகெல்லாம் கரையில்தான் கிடக்கும் என்று ரெண்டு வரி. எட்டு நாளும் தூக்கமில்லாமல் கிடந்தவளுக்கு இந்த ரெண்டு வரியை வந்த அன்றைக்கே யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று ரித்தீஷுக்குத் தோன்றவில்லை.

எட்டு நாள் பிரித்துத் தைத்தார்கள். பழைய தையலோடு ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, கைகளை இடம் மாற்றி ஓவர்லாக் அடித்தார்கள். அளவு துளி குறைந்தது, ஆனாலும் பையர் ஒத்துக்கொள்கிற அளவுக்குள்தான் இருந்தது. விஜயராணி ஒவ்வொரு பீஸையும் தன் கையால் பார்த்தாள். மல்லாக்கப் பார்த்தாள், குப்புறப் பார்த்தாள், சந்தேகம் வந்தால் தன் உடம்பின்மேல் வைத்துப் பார்த்தாள். குழந்தைச் சட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் நிற்பதைப் பார்த்து ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டிகள் லாரியேறிய சாயங்காலம் அவள் ரெண்டு டீ வாங்கிக்கொண்டு ராபின் மிசினுக்குப் போனாள். இருபத்திரண்டு வருசத்தில் அவள் யாருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. ராபின் எழுந்து நின்றே வாங்கினான்.

"உனக்குத் தெரிஞ்சிருக்குது. அன்னிக்கே சொன்ன."

"ஆமாக்கா."

"நான் படத்தைக் காட்டுனதும் உட்காந்துட்ட. இன்னொருக்கா சொல்லியிருக்கலாமல்ல தம்பி? படகு குப்புறக் கெடக்கும்னு ஒரு வார்த்தை. அப்பவே நான் கேட்டிருப்பேன்."

ராபின் டீயை ஊதினான். அவனுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

"ஒங்ககிட்ட ரெண்டாந்தரம் சொன்னவுக யாரும் இப்ப இங்கன வேலைல இல்லக்கா."

விஜயராணி டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு நடந்தாள். நடக்க நடக்க ஒவ்வொருத்தராக ஞாபகம் வந்தார்கள். செல்லாத்தாள், அளவு டேப்பு இழுத்துப் போயிருக்கிறது என்று ரெண்டு தரம் சொன்னவள். ஜோதிகா, லேபிள் தலைகீழ் என்றவள். ராக்கையா, தையல் நூல் ரெண்டு நிறமாக இருக்கிறது என்று ரெண்டாவது தரம் எழுந்து வந்தவன். இப்போது வீரபாண்டியில் வேறு கம்பெனியில் இருக்கிறான். யாரையும் அவள் போகச் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவர்களே போய்விட்டார்கள். அந்த நூல் நிஜமாகவே ரெண்டு நிறமாக இருந்ததா? அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் நூலைப் பார்க்கவில்லை, ராக்கையாவைத்தான் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் மயில்சாமியிடம், "ஏனுங்க, என்னையக் கண்டா உங்களுக்குப் பயமுங்களா?" என்று கேட்டாள். "இல்லீயே" என்றான் அவன், வெடுக்கென்று. ரொம்ப வெடுக்கென்று.

அடுத்த வாரம் பையன்கள் போடுகிற காலர் வைத்த டி-சர்ட் ஆர்டர் லைனுக்கு வந்தது. முதல் பீஸ் செக்கிங் டேபிளுக்கு வந்தபோது விஜயராணி அதைத் தான் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற கீர்த்தனாவிடம் நீட்டினாள். ரெண்டு வருசமாகச் செக்கிங் பார்க்கிற பெண், நல்ல கண்ணு உள்ளவள்.

"கண்ணு, பட்டன் பட்டியில எந்தப் பக்கம் மேல வருது, சரியா இருக்குதான்னு நீ பாத்துச் சொல்லு."

கீர்த்தனா பீஸைப் பார்க்கவில்லை. விஜயராணியின் முகத்தைப் பார்த்தாள். "சரிங்கக்கா" என்றாள்.

"என்னையப் பாக்காத. பீஸைப் பாரு."

பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிதானுங்கக்கா."

"நான் ஒன்னுமே சொல்லலியே கண்ணு."

"ஆமாங்கக்கா."

விஜயராணி மற்றப் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். பார்வையை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டாள். "இந்தப் பட்டியில தப்பு இருந்தாச் சொல்லுங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். யாராச்சும் சொல்லுங்க சாமி" என்றாள்.

பதினெட்டுப் பெண்களும் கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்கள். அவள் பீஸைப் பிடித்தபடி நின்றாள். டீ பெல் அடிக்கிறவரை நின்றாள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.